செட்டர் சூசை என்னிடம் கேட்காமலே போன கேள்வி

என் சூசை மச்சானுக்கு,

சுகமா என்று கேட்க முடியாத ஆளுக்கு எழுத உட்கார்ந்தால் முதல் வரி வரமாட்டேன் என்கிறது. ஊர்ச் செய்தியில் இருந்தே ஆரம்பிக்கிறேன். உன்னை மண்ணூர்க் கல்லறையில் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். மண் இறுகிப்போய்க் கடப்பாரை இறங்கவில்லை, ஜேசிபி கொண்டுவரலாம் என்றார்கள். "எங்கண்ணன் இன்னா பைப்லைனா?" என்று உன் தங்கச்சி, என் வீட்டுக்காரி செசிலி கேட்டாள். அதற்குப் பிறகு கையாலேயே வெட்டினார்கள்.

கூட்டம் நீ நினைத்திருக்க மாட்டாய். கோயம்புத்தூரில் இருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். வேதாரண்யத்தில் இருந்து இரண்டு பேர். வல்லம் வடகாலில் நீ கேட்டில் நின்ற கம்பெனிப் பையன்கள், ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு. எல்லோரும் நெட்டை நெட்டையாக, பெஞ்சில் முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குள்ளமான உனக்கு இத்தனை உயரமான மனிதர்கள் அழுதார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை மச்சான். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். இதில் எத்தனை பேர் உனக்காக வந்தார்கள், எத்தனை பேர் என் மூஞ்சியைப் பார்க்க வந்தார்கள்? பழைய வாலிபால் டீம் ஆட்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தன் கை கொடுத்தான், இன்னொருத்தன் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அது துக்கமா, என் கையைத் தொடாமல் இருக்க ஒரு சாக்கா? முப்பது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் ஒவ்வொரு கையையும் எடை போட்டுக்கொண்டு வாழ்கிறேன்.

நீயும் சந்தேகப்பட்டாயா? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்.

வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு மூன்று தொடுதல். எதிராளி போடும் பந்தை முதல் ஆள் வாங்குவான். இரண்டாவது ஆள் அதை அடிப்பதற்கு வாகாகத் தூக்கிக் கொடுப்பான். மூன்றாவது ஆள் எகிறி அடிப்பான். கைதட்டல் எல்லாம் அடித்தவனுக்கு. நடுவில் நிற்கும் அந்த இரண்டாவது ஆள்தான் செட்டர். யார் எங்கே அடிக்கப்போகிறான் என்பதை ஒரு நொடியில் முடிவு செய்கிறவன். அது நீ. முதலில் வாங்குகிறவன் நான். நான் தப்பாக வாங்கினால் திட்டுவாய். "இன்னா மச்சான், பந்த கைக்குக் குடுக்கறியா, இல்ல கோயிலுக்கு நேந்து வுடறியா?"

பெரம்பூர்ப் பக்கத்து ஒர்க்‌ஷாப் டீமில் உன்னை எடுத்துப் பார்த்துவிட்டு, உயரம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு கோயம்புத்தூரில் ஒரு மில். அங்கேதான் மரத்தரை போட்ட உள்ளரங்கில் ஒரே ஒரு சீசன் ஆடினாய். "மழ இல்ல, காத்து இல்ல, வெயிலு கண்ண குத்தல, தூக்கின பந்து தூக்கின எடத்துல நின்னுது மச்சான்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாய். மில்லை மூடினார்கள். நெய்வேலிப் பக்கம் ஒரு கிளப், கேரளத்து எல்லையில் ஒரு எஸ்டேட், கடற்கரை ஊர்த் திருவிழாக்களில் ஆளுக்கு ஆள் வாடகை ஆட்டக்காரன். எங்கே போனாலும் கெஸ்ட் பிளேயர். சாப்பாடு, படுக்க ஒரு பாய், வருகிற சீசனுக்கு ஒரு வாக்குறுதி. போஸ்டரில் அடிப்பவன் பெயர்தான் வரும். போகிற இடத்தில் எல்லாம் புது அடிக்காரனின் எகிறல் எவ்வளவு, அவனுக்குப் பந்து எந்த உயரத்தில் வேண்டும் என்று நாலு நாளில் பழகிக்கொள்வாய். அவன் பழகி முடிக்கும்போது நீ அடுத்த ஊர் பஸ்ஸில் இருப்பாய்.

அப்படி ஊர் ஊராய் அலுத்துப்போய் நீ மண்ணூருக்குத் திரும்பிய வருஷம் 1991. நான் அப்போது ஸ்பிரிங் கம்பெனியில் லைனில் இருந்தேன். பர்சனல் ஆபீஸர் வரதன் சார்தான் கம்பெனி டீமுக்கும் பொறுப்பு. உன்னைக் கேஷுவலில் சேர்த்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"ஃபைனல் ஜெயிச்சுட்டு வா சூசை. பெர்மனென்ட் ஆர்டர் என் டேபிள்ல ரெடியா இருக்கும்."

நீ அன்றைக்குத்தான் முதல்முதலாகச் செசிலியிடம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கச் சொன்னாய். ஞாபகம் இருக்கிறதா?

நீ தனியாக வரவில்லை. உன்னோடு குணாவும் வந்தான். கடற்கரை ஊர்ப் போட்டி ஒன்றில் நீ கண்டெடுத்த பையன். யாழ்ப்பாணத்தில் இருந்து படகில் வந்து, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து அகதி முகாமில் இருந்தான். அவன் எகிறினால் பனைமரம் எகிறுகிற மாதிரி இருக்கும். டீமில் அவனை ராமேஸ்வரத்துப் பையன் என்று சொல்லிவைத்தாய். பேச்சு காட்டிக்கொடுக்கும் என்பதால், "வெளிய வாயத் தொறக்காத, சிரிச்சிக்கினே இரு" என்றாய். நம் வீட்டில்தான் இரண்டு பேரும் படுத்தீர்கள். அவன் யார் என்பது உனக்கும், எனக்கும், செசிலிக்கும் மட்டும் தெரியும்.

அப்புறம் மே மாதம். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதைப் பற்றி உலகமே எழுதியிருக்கிறது, நான் எழுத ஒன்றும் இல்லை. மண்ணூரில் என்ன ஆனது என்று மட்டும் எனக்குத் தெரியும். ஒரே வாரத்தில் ஒவ்வொரு ஆளும் பக்கத்து ஆளைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தான். ஜீப்புகள் வந்துபோயின. டீக்கடையில் "புதுசா எவனாச்சும் தங்கிக்கீறானா?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் போனபிறகு டீக்கடைக்காரன் என்னைப் பார்த்தான். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்க வூட்டு வாலிபாலு புள்ளைங்க ரெண்டும் எங்க, சத்தத்தையே காணோம்?" என்றது. அக்கறையா, உளவா? டீமில் ஒருத்தன் குணாவிடம் ராமேஸ்வரத்தில் எந்தத் தெரு என்று விளையாட்டாகக் கேட்டான். குணா சிரித்தான். நான் பேச்சை மாற்ற, கேட்டவன் கையில் பந்தைத் திணித்தேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் நான் முதல் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் திரும்பினேன். வீட்டில் நீயும் இல்லை, குணாவும் இல்லை. செசிலி மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றுவிட்டு வந்திருந்தாள், வழியிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள், இரண்டு பேரும் விசாரணையில் இருக்கிறார்கள் என்று. கேனை இறக்கி வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

கல்யாணம் ஆன நாளில் இருந்து அவள் என்னை நீ என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"பைத்தியமா உனக்கு? நான் ஏன் சொல்றேன்?"

"மூணு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லல."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மறுநாளில் இருந்து மறுபடியும் நீங்கள் என்றாள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் இன்னொரு ஆளாகக் குடியேறிவிட்டது.

நீ சில நாள் கழித்துத் திரும்பினாய். தாடியும் அழுக்குச் சட்டையுமாக இருந்தாய். யாரும் அடிக்கவில்லை என்று சொன்னாய், நான் நம்பவில்லை. குணாவை முகாமுக்கே அனுப்பிவிட்டார்கள் என்றாய். "என்ன ஆச்சு மச்சான், எப்படிப் புடிச்சாங்க?" என்று நான் கேட்டேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "வுடு மச்சான், முடிஞ்சிபோச்சி" என்றாய். நான் மறுபடியும் கேட்டேன். நீ தட்டில் இருந்து நிமிரவில்லை. என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் நிமிரவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கம்பெனியில் உன் பெயரை எடுத்துவிட்டார்கள். நீ இல்லாமல், குணா இல்லாமல் ஃபைனல் ஆடினோம். புது செட்டர் தூக்கிய பந்து ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. தோற்றுத் திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது. இரண்டு மாதத்தில் வரதன் சார் என்னைக் கூப்பிட்டு சூப்பர்வைசர் ஆக்கினார். லைனில் என்னைவிட மூத்தவர்கள் இருந்தார்கள். அன்றைக்கு மத்தியானமே கேன்டீனில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சி.ஐ.டி. நான் தட்டோடு வந்தால், "சி.ஐ.டி. வர்றாரு, வாய மூடிக்கினு சாப்புடுங்கடா" என்பார்கள்.

எனக்குச் சந்தேகம் வரதன் சார் மேல். அவர்தான் எப்படியோ மோப்பம் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும், பழி என் மேல் விழட்டும் என்றுதான் எனக்குப் பதவி கொடுத்திருக்க வேண்டும் என்று என் மனசுக்குள் கணக்கு. ஆனால் சம்பளத்தை வாங்கினேன். பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அந்தப் பதவியிலேயே ரிட்டயர் ஆனேன்.

நீ மறுபடியும் பஸ் ஏறினாய். திருப்பூர், சேலம், எங்கெங்கோ. நாற்பதைத் தாண்டியும் ஆடினாய். முட்டி விட்டுப்போன பிறகுதான் ஊருக்கு வந்து வல்லம் வடகாலில் செக்யூரிட்டி வேலையில் நின்றாய். கல்யாணம் என்ற பேச்சே எடுக்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நம் வீட்டில்தான் சாப்பாடு. நீயும் செசிலியும் பேசிக்கொண்டிருப்பீர்கள், நான் உள்ளே வந்தால் பேச்சு குழம்பில் உப்புக்குத் தாவும். வருஷத்துக்கு ஒரு தடவை வேளாங்கண்ணி போகிறேன் என்று கிளம்புவாய். மெழுகுவர்த்தி ஒன்றுகூட வாங்கிவந்தது இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது உன் அடக்கத்தன்று நடந்ததைச் சொல்கிறேன்.

கல்லறையில் இருந்து திரும்பிப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். வரதன் சார் கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தார். வயசாகிவிட்டது, ஆனால் குரல் அப்படியே. ஒரகடம் பக்கம் புதிதாகக் கட்டிய உள்ளரங்கில் உன் பேரில் கோப்பை வைத்துப் போட்டி நடத்தப்போவதாகச் சொன்னார். கம்பெனிகள் பணம் கொடுக்க முன்வருகின்றனவாம், குடும்பத்தின் சம்மதம் வேண்டுமாம். உயிரோடு இருந்தபோது கேட்டைத் திறந்துவிடும் ஆளாகத்தான் உன்னைப் பார்த்தார்கள், இப்போது எதற்குக் கோப்பை? அவர் என் தோளில் கை வைத்தார்.

"பாக்கியநாதா, இத்தன வருஷம் கழிச்சு சொல்றேன். அன்னைக்கு உன் மச்சான்னுகூடப் பார்க்காம நீ போலீஸ்ல போய்ச் சொன்னேன்னு டீம்ல பேசிக்கிட்டாங்க, அது சாதாரண விஷயமில்ல. அந்தப் பொறுப்புக்காகத்தான் உனக்கு சூப்பர்வைசர் போட்டேன்."

மச்சான், பந்தலில் அத்தனை பேர். செசிலி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் சொல்லல சார்" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. எழுந்து நின்று கத்தினேன். "நான் சொல்லல! நீங்கதான் சொன்னீங்கன்னு இத்தன நாளா நெனச்சிக்கினு கீறேன்!"

"நானா? நான் எதுக்குய்யா சொல்றேன்? ஃபைனலுக்கு முன்னாடி என் செட்டரையும் ஸ்மாஷரையும் நானே புடிச்சிக் குடுப்பேனா?"

அவர் சொன்னது நியாயம்தான் என்று பட்டது. பட்டவுடனே பயம் வந்தது. அவரும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது நான் மட்டும்தானே?

அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு நெட்டை ஆள் எழுந்தான். தலை நரைத்திருந்தது, விரல் நகங்களில் வெள்ளைப் பெயின்ட். குணா. காலையில் இருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"இவர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வேற ஒருத்தரும் சொல்லேல்லை. பொலிசுக்கு நாங்களாத்தான் போனனாங்கள். நானும் சூசை அண்ணையும்."

குணா முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னான்.

"நான் ஓடப் பாத்தனான். அண்ணைதான் பிடிச்சு நிப்பாட்டினவர். 'தேடி வந்து புடிச்சா ஓடினவன்னு எழுதுவானுங்க. நாமளே போனா வந்தவன்னுதான எழுதணும்' எண்டு சொன்னவர். குண்டு வெடிச்ச அண்டைக்கு என்னோட இருந்ததுக்குத் தான்தான் சாட்சி எண்டு நிண்டவர். இல்லையெண்டா நான் இண்டைக்கு எங்க கிடப்பனோ."

"அதை ஏன் என்கிட்ட சொல்லல?" நான் அவனைத்தான் கேட்டேன், கோபம் உன் மேல்.

"ஆர் வீட்டில இருந்தனீங்கள் எண்டு கேப்பாங்கள் எண்டு அவருக்குத் தெரியும். தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒண்டும் தெரியாது, ராமேஸ்வரத்துப் பெடியன் எண்டுதான் நினைச்சவை எண்டு சொன்னவர். உங்களுக்குச் சொன்னா நீங்களும் வந்து நிப்பீங்களாம். 'எம் மச்சானுக்குப் பொய் வராது, அவனும் உள்ள பூட்டான்னா செசிலி இன்னா பண்ணும்' எண்டவர்."

உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் நான் நம்பவில்லை. சாவு வீட்டுச் சமாதானத்துக்காகச் சொல்கிறானோ என்று அவன் கண்ணையே பார்த்தேன். சந்தேகம் பழகிப்போனவனுக்கு நல்ல செய்தியும் பொறியாகத்தான் தெரியும்.

"எதுல போனீங்க?" என்றேன்.

"உங்கட சைக்கிள்ல. அண்ணை மிதிச்சவர், நான் கேரியர்ல. என்ர கால் நிலத்தில இழுபட்டுக்கொண்டு வந்தது."

அந்தச் சைக்கிள், மச்சான்! விசாரணை முடிந்து நீ வந்த அன்றைக்கு, வாசலில் என் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாய். ஜீப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தால் உன்னிடம் சைக்கிள் எப்படி வரும்? என் கண் முன்னால் நின்றது. நான் அதற்கு ஏதோ ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு, மறுநாள் அதில் ஏறிக் கடைக்குப் போனேன்.

வேளாங்கண்ணியும் அன்றைக்குத் தெரிந்தது. வருஷா வருஷம் நீ போனது முகாமுக்கு. குணாவின் கல்யாணத்துக்கு, அவன் மகள் பிறந்ததற்கு, சும்மா பார்க்க. அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். பெயின்ட் வேலைக்குப் போகிறான், சொன்ன நேரத்துக்குத் திரும்பிக் கணக்குக் காட்டுகிறான்.

கூட்டம் கலைந்தபிறகு செசிலி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க இல்ல?" என்றாள்.

"அப்பவே சொன்னேனே."

"ஆமா, சொன்னீங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "மறுபடியும் கேட்டிருந்தாலும் நம்பியிருப்பேனான்னு தெரியல."

அவள் பொய் சொல்லவில்லை. அதனால் எனக்கு வலித்தது, அதனாலேயே ஆறுதலாகவும் இருந்தது. அவள் அழுதாள், நானும் அழுதேன். உனக்காகத்தான் அழுதோமா என்று என்னைக் கேட்காதே.

ஆனால் உன்னை நான் கேட்பேன். அவர்கள் என்னை சி.ஐ.டி. என்று கூப்பிட்டது உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால், உன்னிடம் அதைச் சொல்ல வாய் வராதபடி நாங்கள் எல்லோரும் எப்படி வாழ்ந்தோம்? தெரியும் என்றால், ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நெட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று திரும்பாமலே சொல்கிறவன் நீ. பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றவன் உனக்குத் தெரியாமல் போனேனா? ஒருவேளை, மச்சானுக்கு எல்லாம் புரிந்திருக்கும் என்று நீ பாட்டுக்கு நம்பியிருந்தாயோ? அந்த நம்பிக்கைக்கு நான் என்ன செய்வேன்?

வரதன் சார் நேற்று மறுபடியும் ஆள் அனுப்பினார். போட்டித் தொடக்கத்தில் நான் பேச வேண்டுமாம். நீயாகப் போய் நின்றதைச் சொல்வேன் என்றேன். வந்தவன் தலையைச் சொறிந்தான். "இலங்கை, போலீஸ்னு எல்லாம் எதுக்கு சார் இப்ப, கம்பெனிக்காரங்க யோசிப்பாங்க" என்றான். அப்படியானால் சம்மதம் இல்லை என்று அனுப்பிவிட்டேன். அவர்கள் வேறு பெயரில் நடத்திக்கொள்ளட்டும்.

வருகிற மாதம் குணாவின் மகளுக்குக் கல்யாணம். முகாமுக்குள்ளேயே பந்தல். தாய்மாமன் முறைக்கு நீ நிற்பதாக வாக்குக் கொடுத்திருந்தாயாம். செசிலி சேலை எடுத்துவிட்டாள், மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை நான் எடுத்தேன். உன் இடத்தில் நான் நிற்பேன் மச்சான், இது சத்தியம். முகாம் கேட்டில் வெளியாளை நிறுத்தி, யார், எந்த ஊர், பெண்ணுக்கு என்ன உறவு என்று விசாரிப்பார்களாம். விசாரிக்கட்டும். பேரைச் சொல்வேன், மண்ணூர் என்பேன், பெண்ணுக்கு மாமன் என்பேன். எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல்வேன். இந்தத் தடவை யாரும் என்னை ஒன்றும் தெரியாதவன் என்று எழுதிக்கொள்ள விடமாட்டேன்.

உன் செசிலியின் வீட்டுக்காரன்,
உனக்கு முதல் பந்தை வாங்கிக் கொடுத்த மச்சான்,
பாக்கியநாதன்